புகையில்லா அடுப்பும் பதினோரு நாளும்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் வழக்கமாகக் காலை டீ குடிக்கும் கடையில் போன வாரம் அடுப்பை மாற்றிவிட்டார்கள். கேஸ் அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம். அடியில் சின்ன விசிறி ஒன்று உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு கை பெல்லட் அள்ளி மேலே போட்டார். பெல்லட் என்றால், மரத்தூளையும் காப்பிக்கொட்டைத் தொலியையும் மிஷினில் வைத்து அழுத்தி, பென்சிலை நறுக்கிப் போட்டது மாதிரித் துண்டு துண்டாக எடுப்பார்களே, அந்த விறகு. அது பற்றிக்கொண்டதும் ஒரு வாசம் வந்தது பாருங்கள். லேசாகக் கருகின காப்பி, அதற்கு அடியில் ரம்பத்தூள். என் கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது. "என்னண்ணே, சீனி பத்தலையா?" என்றார் மாஸ்டர். சீனியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த வாசத்தோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. நீங்கள் இத்தனை நேரம் உட்கார்ந்துவிட்டதால் சொல்கிறேன்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் எனக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றதும் சாமான் அடுக்கி வைக்கும் அறை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்துக் கொண்டுவரும் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். அறைக்குள் தகரக் குழாய்கள் சுற்றி ஓடும். அதற்கு மேலே தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி வைப்போம். முதல் சில மணி நேரம் காயிலிருந்து ஆவி கிளம்பும், அதுவரை மேல் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஆவி போனதும் ஒரு பொட்டு இடைவெளி விடாமல் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். சூடு தப்பினால் காய் வெளுத்துப்போகும். அந்த அடைக்கிற வேலையில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எஸ்டேட்டில் பேர். கதவில் உள்ளங்கையை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லுவேன். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கல்யாணம் மலைக்குக் கீழே, ராசிங்காபுரத்தில். ஈஸ்வரி வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். மார்கழியில்கூடப் போர்வையை உதறிவிட்டுத் தூங்குகிற ஊர் அது. அவளைக் கொண்டுபோய் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், சாரல் காலத்தில் குடிவைத்தேன். விறகு என்று இருந்ததெல்லாம் பிழிந்தால் தண்ணீர் வரும். ஊதி ஊதி அவள் கண் இரண்டும் சிவந்தன. பிறகு இருமல், அதற்குப் பிறகு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இரண்டாம் மாதம் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொகைக்குள்ள கெடந்தா தங்கச்சி செத்துப்போகும். கீழ ஏதாச்சும் சோலி பாருங்க, அப்புறம் அனுப்புறோம்."

கீழே எனக்கு என்ன வேலை தெரியும்? ஏலக்காயைத் தவிர வேறு ஒன்றையும் உலர்த்தத் தெரியாதவன். ஆறு மாதம் தனியாகப் பொங்கித் தின்றேன். அப்போதுதான் போடியில் ஒரு கடை வாசலில் அந்த அடுப்பைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் குத்துப்போணி அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும் விசிறி. குமிழைத் திருப்பினால் தீ கூடும், குறையும். கடைக்காரர் பற்றவைத்துக் காட்டினார். இரண்டு நிமிடம் லேசாகப் புகைந்தது, அப்புறம் புகை என்ற பேச்சே இல்லை. நான் குனிந்து முகத்தை அதன் மேல் காட்டி மூச்சை இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுப்பையும் ஒரு சாக்கு பெல்லட்டையும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகாமல் நேரே ராசிங்காபுரம் போனேன். மாமியார் வீட்டு முற்றத்தில் வைத்துப் பற்றவைத்து, பால் காய்ச்சி, காப்பி போட்டு, எல்லாருக்கும் என் கையாலேயே கொடுத்தேன். மச்சான் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதற்குள் மாமியார், மருமகன் மாட்டுக்குத் தீவனமும் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு கூடை பெல்லட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டார். கடையில் விற்கும் மாட்டுத் தீவனமும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். மாடு மோந்து பார்த்தது, தும்மியது, மாமியாரை ஒரு முறை முறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈஸ்வரி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை சிரித்தும் இருமவில்லை என்பதை நான் கவனித்தேன், அவள் அண்ணனும் கவனித்தார். மறுநாள் ஜீப்பில் என்னோடு ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன என்று சொன்னால் போதாது. சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் அதில்தான். சமையல் முடிந்ததும் விசிறியை நிறுத்தி, கங்கின் மேல் பழைய தோசைக்கல் ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். அந்தக் கல் சூடேறி அறை முழுக்கக் கதகதப்பாக இருக்கும். பக்கத்துக் கொடியில் துணி காயும். காய் எடுக்கப் போய்விட்டு நனைந்து வரும் பேச்சியக்கா, எங்கள் பக்கத்து வீடு, கையை நீட்டிக் குளிர்காய்வதற்காகவே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார். முப்பது வருடமாக மலையில் இருந்ததால் அவர் பேச்சில் பாதி மலையாளம். ஈஸ்வரியை "மோளே" என்றுதான் கூப்பிடுவார். ஈஸ்வரிக்கு இழுப்பு வரவேயில்லை. அடுப்போடு கொடுத்த காகிதத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. அதை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் மிளகாய்த்தூள் டப்பாவை வைத்தேன். படிக்கவில்லை.

அடுத்த ஆவணி மழை வேறு மாதிரி மழை. நான்கு நாள் சூரியனே தெரியவில்லை. கரண்ட் போய்விட்டது. குளிர் தரையிலிருந்து ஏறியது. நான் என் வித்தையைக் காட்டினேன். சோறு வடித்து ஆவி போகும் வரை ஜன்னலைத் திறந்து வைப்பது, அப்புறம் மூடிவிட்டு, கதவிடுக்கு, ஓட்டிடுக்கு எல்லாவற்றிலும் சாக்கைத் திணிப்பது. உள்ளே தோசைக்கல்லுக்கு அடியில் கங்கு. ஸ்டோரில் செய்வது போலவே செய்தேன். ஸ்டோரில் அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருக்கும், குழாய் மட்டும்தான் உள்ளே ஓடும். ஏழு வருடம் அந்த வாயில் விறகு தள்ளியவனுக்கு இந்த வித்தியாசம் தோன்றவில்லை. எங்கள் எதிரி புகை. புகைதான் இல்லையே.

ஒருநாள் காலையில் ஈஸ்வரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. பேச்சியக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மோளே, நாளு தள்ளியிருக்கா?"

"ஒரு வாரம் இருக்கும்க்கா."

"பின்ன என்ன! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டியிருந்தது. அந்தக் கேள்விக்காக ராசிங்காபுரத்தில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மழையில் நனைந்துகொண்டே சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி மாமியாருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் குலவைச் சத்தமே கேட்டது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதி செய்துகொள்ளலாம் என்றால், மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது.

ஆகையால் நாங்களே உறுதி செய்துகொண்டோம். குடத்தை அவளிடமிருந்து பிடுங்கினேன். தண்ணீர் நான்தான் மோந்து வந்தேன், துணி நான்தான் துவைத்தேன். பேச்சியக்கா எங்கிருந்தோ நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தார். ஈஸ்வரிக்கு மயக்கம் கூடக்கூட, பிள்ளை நன்றாகத் தங்கியிருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். வயிற்றுப்பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று நான் இன்னும் இரண்டு சாக்கு கூடுதலாகத் திணித்தேன். பகலெல்லாம் அவளை உள்ளேயே படுக்கச் சொன்னேன். எனக்கும்தான் தலை வலித்தது. ஆனால் ஸ்டோருக்கு நடந்து போனால் சரியாகிவிடும், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை என்று சொன்னதிலிருந்து பதினோராம் நாள் காலையில் ரோடு திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் குளித்துவிட்டுக் கிளம்பட்டும் என்று வெந்நீர் போட்டு, கங்கை மூடி, கதவைச் சாத்திவிட்டு ஜீப் சொல்லப் போனேன். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் வாசல் சேற்றில் பேச்சியக்கா உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஈஸ்வரியின் தலை. மழை இருவர் மேலும் கொட்டுகிறது. அவள் கண் திறக்கவில்லை.

"நெலப்படியில விழுந்து கெடந்தா. உள்ள எனக்கே மூச்சு முட்டுது. அதான் இழுத்துட்டு வந்தேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "புள்ளத்தாச்சிய மழையில போட்டு வச்சிருக்கீங்களே, அறிவிருக்கா?" என்று கத்திக்கொண்டே அவளைத் தூக்கி மறுபடி உள்ளே கொண்டுபோகப் பார்த்தேன். பேச்சியக்கா எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். என் பாதி உயரம்தான் இருப்பார். நான் தோளால் தள்ளினேன். அவர் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னையக் கொன்னுட்டு உள்ள போ" என்றார். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் நான் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

ஜீப்பில் தார்ப்பாய் படபடவென்று அடித்தது, காற்று உள்ளே புகுந்து புறப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகள் பாதி முடிவதற்குள் ஈஸ்வரி கண்ணைத் திறந்தாள். அடிவாரத்து முந்தல் தாண்டியதும், "தலவலி கொறஞ்சிருக்கு" என்றாள். போடி ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா கொஞ்ச வயதுதான். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"வெளிய வந்தா தலவலி போயிடுதா? வீட்ல வேற யாருக்கும் இருக்கா?"

"எனக்கு இருக்கும்மா."

"என்ன அடுப்பு? ஜன்னல் இருக்கா?"

நான் பெருமையாகவே சொன்னேன். புகையே வராது என்றேன். ஒரு பொட்டுக் காற்று போகாமல் அடைத்துவிடுவேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். கங்கிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். சாயங்காலம் வரை பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பிறகு பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தபடி, "கர்ப்பம் இல்ல. அந்த வாந்தி, மயக்கம் எல்லாம் இந்தக் காத்தாலதான்" என்றார்.

நான் வராந்தாவைத் தாண்டிப் போய், சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரில் தலையை வைத்து அழுதேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஈஸ்வரி பிழைப்பாளா என்று யாரும் உறுதி சொல்லாத நேரம் அது. நான் அழுதது அவளுக்காக இல்லை. பதினோரு நாள் என் வீட்டில் இருந்துவிட்டு, இருந்ததே இல்லை என்று ஆகிவிட்ட அந்தப் பிள்ளைக்காக.

சாயங்காலம் இட்லி கேட்டாள். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தாள். "ஆத்தாட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றாள். எப்படிச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை.

மலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பேச்சியக்கா காலில் விழுந்தேன். "எந்திரி, சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் காய் எடுக்கப் போய்விட்டார். அடுப்பை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றினேன். சாக்கையெல்லாம் பிடுங்கி எறிந்தேன், குளிரில் நடுங்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம். இன்னும் இரண்டு வருடம் அதே அடுப்பில்தான் சமைத்தோம். தப்பு அதன் மேல் இல்லையே. பிறகு சிலிண்டர் வந்தது, பிறகு போடிக்கே வந்துவிட்டோம். இப்போது அந்த லயத்தில் யாரும் இல்லை. வேலையாட்கள் போடியிலிருந்து காலையில் ஜீப்பில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டு ஓடு சரிந்து உள்ளே செடி முளைத்துவிட்டது. பேச்சியக்கா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை உண்டாகவில்லை. பார்க்காத வைத்தியம் இல்லை.

போன தை மாதம் ராசிங்காபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு பஸ்சில் திரும்பிக்கொண்டிருந்தோம். கை நிறையக் கண்ணாடி வளையல் அவளுக்கும் போட்டுவிட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஈஸ்வரி சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில நீங்க சைக்கிளு பக்கத்துல நின்னு அழுதீங்கள்ல, ஜன்னல் வழியா நான் பாத்துட்டேன். புள்ள இல்லன்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்கு உசுரே போயிருச்சு. அப்புறம் உங்களப் பாத்தேன். புள்ள இல்லாட்டிப் போகுது, நமக்காக இப்படி அழுக ஒரு ஆளு இருக்குல்லன்னு நெனச்சேன். இந்நேரம் வரைக்கும் அத நெனச்சுத்தான் இருக்கேன்."

பஸ் போடிக்குள் நுழைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கி, அவள் இறங்குவதற்குக் கை கொடுத்தேன். உண்மையைச் சொல்வதற்கென்று ஒரு காலம் இருந்திருக்கும். அது எப்போதோ போய்விட்டது.