ஓமா என்று முடியும் சொற்கள்

பாலையூற்று வீட்டில் தண்ணீர் பம்பின் கப்பாசிட்டரை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா டோர்ச் பிடித்தார். வெளிச்சம் வேலையில் நிற்கவில்லை. பம்பில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் ஊர்ந்தது.

துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பெயின்ற் டின்னோ மருந்துப் பெட்டியோ, எதில் நீளமான சொல் கண்டாலும் வாலிலிருந்துதான் வாசிப்பார். வால் ஒன்றானால் ஒரே குடும்பம். அவருக்குப் பிடித்த குடும்பம் ஓ, எம், ஏ. லிப்போமா கொழுப்புக் கட்டி. ஹீமற்றோமா இரத்தக் கட்டு. கிளௌக்கோமா மட்டும் கட்டியே இல்லை, கண்ணில் அழுத்தம். கார்சினோமா புற்றுநோய், அதற்குக் குரல் தாழும். "இங்கிலீசுக்காரன் வருத்தத்தின்ர பேரைச் சொல்லிப்போட்டு, ஓமா எண்டு எங்களைக் கேக்கிறான்" என்பார். எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆம், ஓமா என்றால் அப்படியா. நான் மின்னியல் டிப்ளோமா எடுத்த அன்று, அதுவும் ஒரு கட்டிதானாம், படித்தவர்களுக்குத் தலையில் வருவதாம்.

பம்பு ஓடத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு ஸல்ஹா அன்ரி வேலியருகே வந்தார். தோளில் கட்டி. டொக்டர் விரைவாகச் சொன்ன பெயரில் வால் மட்டும் காதில் விழுந்து பயந்துபோயிருந்தார்.

"எங்கட மனுசனுக்கும் ஓமா எண்டுதான் முடிஞ்சது, அண்ணன்."

"முன்பாதிதான் முக்கியம், தங்கச்சி." அப்பாவின் மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. டொக்டர் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்கு கிளினிக்கால வந்து சொல்லுறன்."

கிளினிக்குக்குப் போனது அப்பாவின் ஈரல் பரிசோதனை முடிவுக்கு. தாளைத் தானே வாங்கி வாசித்தார். வழமைபோல வாலிலிருந்து. பிறகு கண்ணாடியைக் கழற்றி, தாளை என்னிடம் நீட்டினார். குரல் தாழ்ந்தது.

"ஓமா, பிள்ளை?"

"ஓம், அப்பா."

வீட்டுக்கு விடாமல் அங்கேயே வார்டில் மறித்துவிட்டார்கள். பின்னேரம் அன்ரியின் துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்து எடுத்து வாசித்தார். சிரித்தார்.

"வெறும் கொழுப்பு. நீ சொல்லிப்போடாதை, நான் போய்ச் சொல்லுறன்."

விடிய இரத்தம் கக்கினார். அத்துடன் சரி.

அடக்கம் முடிந்து வந்தபோது அன்ரி தேத்தண்ணிப் பிளாஸ்க்குடன் படலை வாசலில் நின்றார். ஒரு கை தோளிலேயே இருந்தது.

"கொழுப்புக் கட்டிதான், அன்ரி. அப்பா வாசிச்சவர். வந்து சொல்ல இருந்தவர்."

"ஓமா?" என்றார். தோளிலிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.