முதுகுகள் மட்டும் தெரியும் படம்

மாடம்பாக்கத்தில் எங்கள் மேனேஜர் சார் வீட்டு ஹாலில், இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கும். பனி மூடிய மலைச்சரிவில் வரிசையாக ஏறுகிறவர்களின் முதுகுகள் மட்டும் அதில் தெரியும். புதிதாக வருகிறவர்கள், "இதுல நீங்க எங்க சார்?" என்று தவறாமல் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் சார் காத்திருப்பார்.

அவர் ஓய்வு பெற இருந்த வருஷம், மாசி மாதம். தாம்பரத்தில் அப்போதே வியர்க்கத் தொடங்கியிருந்தது. பிரிவு உபசாரமாக இருக்கட்டும் என்று அலுவலகத்தோடு அவரை மணாலிப் பக்கம் அழைத்துப் போனோம். பூட்ஸுக்கு அடியில் முறம் மாதிரி அகலமான ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கால் பனியில் புதையாமல் இருக்க அது. அப்படியும் முதலில் போகிறவருக்குக் கால் புதையத்தான் செய்யும். அவர் மிதித்துப் போட்ட தடத்தில் மற்றவர்கள் சுகமாக வரலாம். அதனால் முன்னால் போகிறவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டிப் பையன் படித்துப் படித்துச் சொன்னான்.

யாரிடம் சொல்கிறான்? சார் இலையில் கை வைக்காமல் சாப்பிடத் தொடங்காத கூட்டம் நாங்கள். லிஃப்டில்கூட அவர் ஏறிய பிறகுதான் ஏறுவோம். பையன் கைகாட்டும்போதெல்லாம் கேஷியர், "சார் இருக்கும்போது நாங்க எப்படிப்பா முன்னாடி போறது?" என்றார். எங்களுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. சாரும் மறுக்கவில்லை. மரியாதையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மங்கி குல்லாவுக்குள் மூச்சு இரைக்க, அறுபதை நெருங்கிய மனுஷர் எங்கள் எல்லோருக்கும் பாதை போட்டுக்கொண்டே ஏறினார்.

பாதி மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. டைப்பிஸ்ட் அக்காதான் அவருக்கு வெந்நீர் கொடுத்து, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மரியாதை குடுத்தே மனுஷனைக் கொன்னுடுவீங்க போல," என்றார். சாரிடமும் தயங்கவில்லை. "சார், நீங்க கடைசியா வாங்க. முன்னாடி நான் போறேன்."

"சர்வீஸ் பூரா யாராவது இப்படிச் சொல்லுவாங்களான்னு பார்த்தேம்மா," என்றார் சார். கண் கலங்கியிருந்தது.

அக்கா முன்னால் நடந்தார். அவருக்குப் பிறகு நாங்கள் மாறி மாறிப் பாதை போட்டோம். கடைசியில் வந்த சார் பாட்டு முணுமுணுத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தப் படத்தையும் அப்போதுதான் எடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தோம். மகள் அவரைப் பெங்களூருக்கே அழைத்துப் போகிறாள், வீட்டை விற்றாகிவிட்டது. சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கிளம்பும்போது பழைய பழக்கத்தில் வாசலில் அவருக்காக ஒதுங்கி நின்றோம். வாக்கரைப் பிடித்தபடி, "போங்க, போங்க, பின்னாடியே வரேன்," என்றார்.

தெருவில் கொஞ்ச தூரம் போனதும் திரும்பினேன். சார் கேட்டில் சாய்ந்து நின்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"திரும்பாதீங்கம்மா. அப்படியே நடங்க."

நடந்தோம். நல்ல வேளை, அந்தப் படத்தில் எங்கள் முகம் தெரியாது.