நிற்க வைத்த பெட்டி

போன வாரம் பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. எனக்கு அது வேடிக்கை. அம்சவேணிக்குப் பிழைப்பு!

அம்சவேணி, மோட்டார் பம்ப்செட் தயாரிக்கும் என் நண்பர் பழனிசாமியின் சித்தப்பா மகள். பெட்ஷீட் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தருபவர். காப்பி குடிக்கப் போன எங்களைக் கலங்கிய கண்ணோடு வரவேற்றார்.

"நாலு மணி பஸ்ஸுல டிசைன் கரூர் போகோணுங்கண்ணா. இல்லீன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இது பத்து நிமிசம் ஓடுது... அப்புறம் படமெல்லாம் கோடு கோடா வந்து நின்னு போகுதுங்க."

மணி இரண்டு. கம்ப்யூட்டர் விற்றவர் ஊரில் இல்லை.

"எப்ப இருந்து அம்மணி?" என்றார் பழனிசாமி.

"ஆயுத பூஜையில இருந்துங்க."

எனக்குச் சுவாரஸ்யம் தட்டியது. பெட்டியின் நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம்... காற்று போகும் ஓட்டையை அடைத்துவிட்டதோ? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தேன். பத்தே நிமிடம் — மறுபடி கோடு!

பழனிசாமி சுவிட்சை அணைத்து மூடியைக் கழற்றினார். மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டில் விரல் வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தோசைக்கல்லுங்க!"

குனிந்து பார்த்தோம். கார்டு கவிழ்ந்து படுத்திருந்தது. அதிலுள்ள சிப்பும், சிப்பில் ஒட்டிய வரி வரியான அலுமினியத் துண்டும் தரையைப் பார்த்தபடி இருந்தன.

"சூடு போகத்தானுங்க எங்க மோட்டார் மேலயும் இப்படி வரி வெச்சு வார்க்கறோம். சூடு மேல போகோணும். இங்க கார்டே கூரையாட்டம் மறிச்சுக்கிட்டு கெடக்குது, எப்படிங்க போகும்?" என்றவர் தங்கை பக்கம் திரும்பினார். "இந்தப் பொட்டி எப்பவும் இப்படித்தான் நிக்குமா?"

அம்சவேணி தயங்கினார்.

"இல்லீங்கண்ணா. மானிட்டருக்கு அடியில படுத்துத்தான் இருந்துச்சு. மாலை போட்டுப் படுக்க வெச்சா நல்லாவா இருக்கும்? அதான் பூஜைக்கு நிறுத்தி வெச்சோமுங்க. மேசையில எடமும் கெடச்சுதா... அப்படியே உட்டுட்டோம்."

நியாயம்தானே? மாலையோடு யாரைப் படுக்க வைப்போம் என்பது நமக்குத் தெரியாதா!

பெட்டியைப் படுக்க வைத்தோம். உள்ளே கார்டு, அலமாரிப் புத்தகம் போல நேராக நிமிர்ந்தது. பத்து நிமிடம்... இருபது... கோடு வரவில்லை. அம்சவேணி மூச்சுவிடாமல் வரைந்தார். மூன்றே முக்காலுக்கு ஃப்ளாப்பியோடு பழனிசாமியின் ஸ்கூட்டரில் ஏறினார். பஸ் கிடைத்தது. எனக்கே அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் குடைச்சல் விடவில்லை. நிற்பதற்கென்றே வரும் டவர் பெட்டிகளில் என்ன செய்கிறார்கள்? கடை கடையாக எட்டிப் பார்த்தேன். அங்கும் கார்டு கவிழ்ந்துதான் கிடக்கிறது. புதிய கார்டுகளில் மட்டும் சிப்புக்கு ஒரு குட்டி ஃபேன் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

மத்தியானம் கொஞ்சம் படுத்தால்தான் எனக்கும் சூடு தணிந்து எழுத்து ஓடும். இந்த விஞ்ஞானத்தை வீட்டில் விளக்கினேன்.

"ஃபேனைப் போட்டுட்டு உக்காந்து எழுதுங்க" என்று பதில் வந்தது!