அந்தச் சீழ்க்கை என் கைவேலை

ஒரு மனிதனை அடித்துப் போட்டுவிட்டு ஓடிய காரின் சத்தத்தை நான் மாற்றிக் கொடுத்தேன். தெரிந்தே மாற்றினேன். அந்த மனிதனின் மனைவி இன்னமும் பழைய சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது இனி எங்கேயும் கிடைக்காது!

இதை எழுதிவிட்டு எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருக்கிறது... ஆனாலும் பயம் போகவில்லை. யார் வந்துவிடப் போகிறார்கள்? எனக்கே தெரியவில்லை.

ஈப்போவில் கார்களுக்கு எக்ஸோஸ் என்கிற புகைக்குழாயை மாற்றும் கடை வைத்திருப்பவன் நான். நீங்கள் இந்த ஊர்க்காரராக இருந்தால் என் கடையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். என் கைவேலையால் உங்கள் தூக்கமும் கெட்டிருக்கும்! காரின் பின்னால் பானை மாதிரி தொங்குகிறதே சைலன்சர், அதை அறுத்தெடுத்துவிட்டு நேராக ஒரு குழாயைப் பற்றவைத்துக் கொடுப்பேன். அப்படிச் செய்தால் சின்னக் கார்கூட லாரி மாதிரி உறுமும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ரேடியோ கேட்காது, பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அதுதான் அவர்களுக்கு வேண்டும். சிலிம் ரிவரிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பையன்கள் என்னைத் தேடி வருவார்கள். அதில் எனக்கு எவ்வளவு கர்வம், தெரியுமா!

சட்டப்படி அது குற்றம். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய சைலன்சரை வீசிவிட மாட்டோம். சொந்தக்காரன் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதிச் சுவரில் மாட்டிவைப்போம். காரை அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் வந்தால் அவன் கடைக்கு வருவான். பழைய சைலன்சரைப் பூட்டிக் கொடுப்போம். சோதனை முடிந்ததும் திரும்ப வருவான், கழற்றிவிடுவோம். யாரும் யாரையும் காரணம் கேட்பதில்லை.

கேட்காமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருந்தேன்... எவ்வளவு வசதியான மரியாதை!

தினேஷ் என் வாடிக்கைக்காரன். கல்யாணமாகாத இளைஞன், நல்ல வேலை, சிரித்த முகம். அவனுடைய காருக்கு மட்டும் நான் புதிதாக ஒன்று செய்து பார்த்தேன். குழாயின் வாய்க்குள்ளே ஒரு மெல்லிய தகட்டைச் சாய்வாக வைத்துப் பற்றவைத்தேன். எண்ணெய் மிதிக்கும்போது, அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, வெறும் உறுமல். மிதியிலிருந்து காலை எடுத்த உடனே, உறுமல் அடங்கும் இடத்தில், நீளமாக ஒரு சீழ்க்கை வரும்! அவன் துள்ளிக் குதித்தான்.

"அண்ணே, பேராக் முழுக்க இந்தச் சத்தம் எவன்கிட்டயும் இல்ல லா!"

உண்மைதான். யாரிடமும் இல்லை. அதுதான் இப்போது என் கழுத்தை நெரிக்கிறது.

ஒரு மழை நாள். மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே தினேஷ் வாசலில் நின்றான். முகத்தில் சிரிப்பில்லை. காரின் இடதுபக்க முன்மூலை உடைந்து உள்வாங்கியிருந்தது. விளக்கில் கண்ணாடி இல்லை.

"அண்ணே, சைலன்சரைப் பூட்டிக் கொடுங்க. சோதனைக்குப் போகணும்."

சோதனையா? சில மாதங்களுக்கு முன்புதானே நானே பூட்டி அனுப்பினேன்! என் கண் உடைந்த மூலைக்குப் போனதை அவன் பார்த்துவிட்டான்.

"தோட்டத்து ரோட்டுல நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சுண்ணே. சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. அடிச்சதே தெரியல."

நான் கேட்கவில்லை. பழக்கம்! காரைத் தூக்கினேன், குழாயைக் கழற்றினேன், பழைய சைலன்சரைப் பூட்டினேன். கார் பூனை மாதிரி வெளியே போனது. சீழ்க்கைக் குழாய் என் கடைத் தரையில் கிடந்தது.

மதியம் எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் பேச்சு அடிபட்டது. முன்பு ரப்பர் பால்மரமும் இப்போது செம்பனையுமாக இருக்கும் தோட்டம் ஒன்று. அங்கே தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டில் இருந்தவர் செல்வம். டவுன் தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியிருக்கிறார். ஏதோ ஒரு கார் அடித்து, மோட்டாரோடு சேர்த்து ஓரத்துக் கால்வாயில் தூக்கிப் போட்டுவிட்டது. மேலே ஆளுயரப் புதர். அவர் மனைவியும் அக்கம்பக்கத்தாரும் மழையில் டார்ச் அடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டியே போய் வந்திருக்கிறார்கள். காலையில் செம்பனைக் குலை வெட்டப் போனவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் மூச்சு இருந்திருக்கிறது... ஆஸ்பத்திரியில் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து கடைக்குப் போய், அந்தக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, பழைய இரும்பு வாங்குகிறவனிடம் போட்டுவிட்டேன்.

ஏன் அறுத்தேன்? அப்போதே போலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கலாமே! போகலாம் என்றுதான் சாவியையும் எடுத்தேன். ஆனால் முதல் கேள்வியே "சைலன்சரைக் கழற்றியது யார்?" என்றுதான் வரும். கடையை மூடிவிடுவார்கள், என்னையும் உள்ளே வைப்பார்கள். பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'பையனுக்குத் தெரியாது. சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குற்றம் குழாயின்மேல்தான்.' அந்தக் குழாயைச் செய்தவன் யாரடா, முட்டாளே?

ஆனாலும் அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் தூங்கினேன்.

பிறகு அவள் வந்தாள். சாந்தி. செல்வத்தின் மனைவி. ஈப்போவில் இருக்கிற எக்ஸோஸ் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்திருந்தாள். போலிஸ்காரர்கள் கார் எண் கேட்டார்களாம், நிறம் கேட்டார்களாம். இவளுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான்.

"சன்னலைச் சாத்திக்கிட்டு இருந்தேன்ண்ணே, மழைத் தண்ணி உள்ள அடிச்சிச்சு. அப்பதான் அந்தக் காடி போச்சு. இப்பிடிண்ணே..."

உதட்டைக் குவித்து அவள் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். முதலில் உறுமல். பிறகு... சீழ்க்கை! நீளமான சீழ்க்கை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு முன்னைவிடப் பலமாக மறுபடியும் உறுமல்.

அப்படியே இருந்தது, ஐயோ, அச்சு அசலாக இருந்தது!

உங்களுக்குப் புரிகிறதா? காலை எடுத்தால்தான் சீழ்க்கை வரும். தினேஷ் மிதியிலிருந்து காலை எடுத்திருக்கிறான். காரை நிறுத்தியிருக்கிறான். அந்த மௌனத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறான்... பார்த்துவிட்டு மறுபடியும் மிதித்திருக்கிறான். நாயுமில்லை, ஒன்றும் கேட்காமலும் இல்லை! செல்வம் கால்வாயில் உயிரோடு கிடந்தது அவனுக்குத் தெரியும்.

இதைச் சாந்தியின் வாய் சொல்லிவிட்டது. ஆனால் அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்தவர்கள் அவனும் நானும்தான்.

"இது யாரு கடை வேலைண்ணே? உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. காதுலயே கண்டுபிடிச்சிருவீங்களாமே?"

ஒரு வார்த்தை போதும்... அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் கடை கடையாகப் பிச்சை கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"எல்லாக் கடையிலும் இப்படித்தான்ம்மா செய்வாங்க" என்றேன். "இத வச்சி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "நீங்கதான்ண்ணே மரியாதையா உக்கார வச்சிப் பேசுனீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு! அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தாலாவது கோழை என்று மட்டும் என்னைச் சொல்லியிருப்பீர்கள். முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து தினேஷ் வந்தான். உடைந்த மூலை புதிதாகியிருந்தது, சிரிப்பும் திரும்பியிருந்தது.

"எல்லாம் அடங்கிருச்சுண்ணே. திரும்பக் கழட்டி விடுங்க. சத்தம் இல்லாம ஓட்டப் பிடிக்கல."

"வேணாண்டா. வேற கடைக்குப் போ" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். "அன்னிக்குக் காலையில சைலன்சரைப் பூட்டுனது யாருண்ணே? நான் மாட்டுனா, நான் மட்டுமா மாட்டுவேன்?"

காரைத் தூக்கினேன். ஆம், தூக்கினேன்! கழற்றினேன். ஆனால் பழைய மாதிரி செய்யவில்லை. குழாயை நீளமாக்கினேன். நடுவில் சின்னதாக ஓர் உருளை வைத்தேன். தகடு வைக்கவில்லை. உறுமல் கனத்து, தாழ்ந்து, வேறு கார் மாதிரி ஆயிற்று. காலை எடுத்தால் வெறும் முனகல். என் தொழில் வாழ்க்கையில் அத்தனை கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பற்றவைக்கும்போதெல்லாம் சாந்தியின் காதுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காதுகளை ஏமாற்ற வேண்டும்... அதற்காகவே செய்தேன்.

இப்போது சாந்தி எதிர்ச் சாப்பாட்டுக் கடையில்தான் வேலை செய்கிறாள். தோட்டத்தில் தனியாக இருக்க முடியாமல் டவுனுக்கு வந்துவிட்டாள். தினமும் எனக்குத் தே தாரேக் தேநீர் கொண்டுவந்து வைப்பது அவள்தான். "அண்ணே, சீனி கம்மி" என்று சொல்லி வைப்பாள். எந்தச் சத்தமான கார் போனாலும் கையிலிருக்கும் தட்டோடு நின்று சாலையைப் பார்ப்பாள். கேட்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

சென்ற வாரம் தினேஷின் கார் அந்த வழியாக வந்தது.

சாலை முனையில் அது திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நெருங்கியது. சமிக்ஞை விளக்குக்காகக் காலை எடுத்தான்... முனகல். நின்றான். பச்சை விழுந்தது, உறுமினான், போய்விட்டான். அவ்வளவு நேரமும் கண்ணாடிக் குவளை என் கையில் ஆடி, தேநீர் மேசையெல்லாம் ஓடியிருக்கிறது. சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை!

சாந்தி துணியோடு வந்தாள்.

"இது அது இல்லண்ணே" என்றாள். "வேற சத்தம்."

மேசையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நீங்க ஏண்ணே இப்பிடி நடுங்குறீங்க?"

"சூடு... சூடா இருந்துச்சும்மா. கை சுட்டிருச்சு."

அவள் குவளையைத் தொட்டுப் பார்த்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஏன் என்று யோசிப்பாள். போகாமல் இருக்கப் பயம், போகவும் பயம். அதனால் தினமும் போகிறேன். அதே மேசையில் உட்காருகிறேன். குவளையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

சத்தமான கார்கள் போகின்றன. ஆனால் சாந்தி இப்போதெல்லாம் சாலையைப் பார்ப்பதில்லை. தட்டோடு அப்படியே நின்று என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.