மூச்சுப் பட்டால் மாறும் நூல்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், கார்பன் நானோகுழாய்களைத் திரித்த நூலோடு குடித்தனம் நடத்துகிறேன். பார்த்தால் உதிர்ந்த தலைமுடி மாதிரிதான் இருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தும். மின்கடத்தும் பாலிமரை அதன்மேல் பூசினால் இன்னும் நன்றாகக் கடத்தும். எவ்வளவு நன்றாக என்பதுதான் என் முனைவர் பட்டம்.

முன்பு நாங்கள் இரண்டு பேர். நான் மீட்டரைப் பார்த்து மின்தடையை உரக்கச் சொல்வேன். எதிர் மேசையிலிருந்து என் தோழி 'ம்' கொட்டிக் கணினியில் ஏற்றுவாள். பூச்சில்லாத வெறும் நூலை அளந்து முடித்த கையோடு அவளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது.

"நீயும் வந்துருடி. இந்த நூலைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் அழுவ?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலிமர் பூசிய நூலைத் தனியாக அளக்க ஆரம்பித்தேன். மின்தடை ஒரு நிலையில் நிற்கவே இல்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இணைப்புகளை எல்லாம் பிரித்துப் புதிதாக ஒட்டியும் பயனில்லை. இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு நூலில் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார் என் பேராசிரியர்.

ஒருநாள் மின்தடை வரைபடத்தை உற்றுப் பார்த்த பேராசிரியர் கேட்டார்: "அளக்கும்போது பக்கத்துல யாரும்மா பேசிக்கிட்டு இருக்காங்க? பாலிமர் ஈரத்தை இழுக்கும். மூச்சுக் காத்து பட்டாலே ரெசிஸ்டன்ஸ் ஏறும்."

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிர் மேசை காலியான பிறகும் ஒவ்வோர் அளவையும் நான் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொல்லிவிட்டு, 'ம்' வருவதற்காகக் கொஞ்சம் நிறுத்தவும் செய்திருக்கிறேன். கோடு இறங்கியிருந்ததெல்லாம் அந்த இடைவெளிகளில்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் நூலைக் கண்ணாடி மூடிக்குள் வைத்தேன். மூடி இருந்தும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கோடு நேராகப் போனது. 'சூப்பர்மா' என்று சார் வாட்ஸப்பில் அனுப்பினார். என் நூல் பிழைத்துக்கொண்டது.

மாலையில் தாம்பரத்தில் பஸ் ஏறி, "முடிச்சூர் ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சொன்னேன். குரல் கரகரத்து அவருக்குக் கேட்கவில்லை. காலையில் வரும்போது பஸ்ஸில் தாம்பரம் என்று சொன்ன பிறகு நான் பேசியது அப்போதுதான்.