எழுபதுக்குக் கீழே

மலையாள வருஷப்பிறப்பான விஷுவுக்கு மறுநாள் இசக்கிப்பாண்டி தன் காரைக் கெடுக்கத் தொடங்கினான். வழி சொல்லிக் கொடுத்தவள் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் வீடு மணக்காட்டில். என் கணவர் காலமான பிறகு முற்றம் சும்மா கிடந்தது. சுவரில் ஒரு பிளக் பாயிண்டும் தனி மீட்டரும் வைத்து இசக்கிக்கு வாடகைக்கு விட்டேன். அவனும் மனைவி ஆவுடைத்தாயும் இருப்பது இரண்டு வீடு தள்ளி, கார் நுழைய முடியாத சந்தில். அதனால் அவனுடைய எலெக்ட்ரிக் டாக்சி என் மாமரத்தடியில் நிற்கும், என் சுவரிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

நாங்குநேரிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வயதில் சாலைக் கடைத்தெருவுக்கு அரிசி மூட்டை தூக்க வந்தவன். பிறகு மூட்டை ஏற்றும் ஆட்டோ, அதன் பிறகு இருபது வருஷம் அடுத்தவர் டாக்சி. நாற்பத்தாறாவது வயதில்தான் சொந்தக் கார். தம்பானூர் டாக்சி ஸ்டாண்டில் அதற்கு ‘டார்ச் லைட்’ என்று பெயர் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கினான்.

அப்படி ஒரு பராமரிப்பை நான் பார்த்ததில்லை. எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டான், இருபதுக்குக் கீழே இறங்க விட மாட்டான். சர்க்கரை நோயாளி சாப்பாட்டை அளப்பதுபோல் அளப்பான். சவாரிக்காரர்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் ஏசி. மாமரத்தில் ஒரு கிளையை வெட்டலாம் என்று நான் ஆள் கூப்பிட்டபோது, நிழல் போய்விடும் என்று என்னிடமே சண்டைக்கு வந்தான். மரம் என்னுடையது.

இத்தனை பார்த்தும் நாலு வருஷத்தில் பேட்டரி தேய்ந்துவிட்டது. முன்பெல்லாம் கன்னியாகுமரி போய்த் திரும்ப ஒரே சார்ஜ் போதும். இப்போது திரும்பி வருகையில் மார்த்தாண்டத்திலேயே வியர்க்கத் தொடங்கிவிடும், காருக்கில்லை, அவனுக்கு. நீள சவாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வொர்க்‌ஷாப்பில் ஷிபு என்ற மெக்கானிக் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்து, பேட்டரியின் ஆரோக்கியம் எழுபத்தொரு சதவீதம் என்றான்.

இசக்கி வாரண்டிப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பொடி எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவள் நான். எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. அதற்குள் ஆரோக்கியம் எழுபதுக்குக் கீழே போனால் புது பேட்டரி இலவசம். அவன் கார் மீட்டர் ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நானூறைத் தாண்டியிருந்தது. காசு கொடுத்து பேட்டரி மாற்றுவதானால் அந்த விலைக்கு இதேபோல் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம்.

“ரெண்டே ரெண்டு, மாமி,” என்றான் இசக்கி. “அறுபத்தொம்பதுன்னு காட்டிட்டா நான் பொழச்சுக்கிடுவேன்.”

“இப்படிப் பொத்திப் பொத்தி யாரு வச்சுக்கச் சொன்னா? நாலு பேரைப் போல ஓட்டியிருந்தா எப்பவோ விழுந்திருக்கும்,” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் தெரியாது. அந்தக் கோபத்தோடே போனை எடுத்து, எது எது பேட்டரியைக் கெடுக்கும் என்று தேடி வாசித்தேன். வெயில். முழுக்க ஏற்றிவிட்டு அப்படியே நிறுத்துவது. அடிவரைக்கும் வற்ற விடுவது. “புஸ்தகத்திலே செய்யாதேன்னு போட்டிருக்கறதையெல்லாம் செய், கேட்டயா,” என்று முடித்தேன். பாதி கேலியாகத்தான் சொன்னேன். அவன் முழுதாக எடுத்துக்கொண்டான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சவாரி ஓட்டினால் கிலோமீட்டர் தீர்ந்துவிடும். ஓட்டாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் காலையில் ஒன்றிரண்டு சவாரி மட்டும் போய்விட்டு, காரை மாமரத்தடியிலிருந்து வெளியே தள்ளி, நட்ட நடு வெயிலில் நிறுத்துவான். நூறு சதவீதம் சார்ஜ். உள்ளே ஏசி முழுவேகம். பட்டப்பகலில் ஹெட்லைட் வேறு. சார்ஜ் வற்றுகிற வரை அதில் உட்கார்ந்திருப்பான், வற்றியதும் மறுபடி ஏற்றுவான். இப்படி மூன்று வாரம்.

ஆவுடைத்தாய் சாலைக் கடைத்தெருவில் ஒரு பூக்கடைக்குப் பிச்சிப்பூ கட்டிக் கொடுப்பவள். “சும்மாதான ஓடுது, உள்ள இருந்து கட்டு,” என்று அவளையும் கூப்பிட்டான். அவள் பின் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு சொன்னது ஜன்னல் மூடியிருந்தும் எனக்குக் கேட்டது.

“நாலு வருசத்துல ஒரு நாளாவது எனக்கு இதுல ஏசி போட்டிருக்கியளா?”

குளிரில் பூ வாடாமல் இருந்ததால் கடைக்காரன் அவளை மெச்சினானாம். அந்த மூன்று வாரத்தில் நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

இசக்கி பாதியாய் இளைத்துவிட்டான். பழக்கதோஷத்தில் பானெட்டைத் தடவப்போய், சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொள்வான். ஒருநாள் மோர் கொடுக்கப்போன என்னிடம், “இது எனக்குச் சோறு போட்டுது மாமி, இத நானே வதைக்கேன்,” என்றான். நிறுத்திவிடு என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த அறுபத்தொன்பது வேண்டியிருந்தது.

பரிசோதனைக்கு முதல் நாள் ஆவுடைத்தாய் பழவங்காடிக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தாள். “வண்டி கெட்டுப்போகணும்னு பிள்ளையார்ட்ட எப்பிடி மாமி கேக்க?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. ஒன்றும் கேட்காமலேயே தேங்காயை உடைத்துவிட்டு வந்தாளாம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மீட்டரில் வாரண்டி முடிய எட்டு கிலோமீட்டர் பாக்கி. ஷிபு லேப்டாப்பைச் சொருகினான், பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பாக இசக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“சேட்டா, எழுபத்திநாலு!”

கூடுவது எப்படி என்று நான்தான் கேட்டேன்.

“சேட்டன் எப்பவும் பாதி பாதியல்லே சார்ஜ் பண்ணும், அப்போ கம்ப்யூட்டருக்குச் சரியான கணக்கு கிட்டாது, மாமி. இப்போ முழுசா எறக்கி முழுசா ஏத்திட்டுண்டு. அதான் சரியான கணக்கு வந்து. ஆத்யம் காட்டின எழுபத்தொண்ணுதான் தப்பு. பேட்டரி நல்லதாணு, பேடிக்கண்டா.”

பயப்படாதே என்கிறான். மூன்று வாரம் வெயிலில் வதைத்தது உள்ளே என்ன செய்திருக்கிறது என்று இசக்கி கேட்க முடியவில்லை. கேட்டால் செய்ததைச் சொல்ல வேண்டும். ஷிபு அச்சடித்துக் கொடுத்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பும்போது கிள்ளிப்பாலம் சிக்னலில் மீட்டர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தொட்டது. இருவரும் பார்த்தோம். பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

சாயங்காலம் ஜெஸ்லின் வந்தாள். அடுத்த தெருவில் தங்கியிருக்கும் நர்ஸ், மார்த்தாண்டத்துப் பெண். அந்தக் காரை விலைக்குக் கேட்டு ஒரு மாதமாக நடக்கிறாள். அவள் சொன்ன விலைக்கு ஒரு பழைய ஆட்டோ வாங்கி, மறுநாளே ஸ்டாண்டில் போட்டுவிடலாம். தாளை வாங்கிப் படித்தாள்.

“வாரண்டி போனா போட்டும் அண்ணே. எழுபத்திநாலு இருக்குல்லா. நீங்க இத நிழல்லயே வச்சிருந்தத டெய்லி பாத்துட்டுத்தானே போவேன்.” மூன்று வாரமாக அவளுக்கு நைட் டியூட்டி. பகலெல்லாம் தூங்கியிருக்கிறாள். “பேட்டரிக்கு ஒண்ணும் வராதுல்லா?”

இசக்கி என்னைப் பார்த்தான். ஆவுடைத்தாயும் பார்த்தாள். “அதான் பேப்பர்லயே போட்டிருக்கே,” என்றேன் நான். என் வாயால் சொன்னேன்.

“இல்லம்மா,” என்றான் இசக்கி. “நான் குடுக்கல.”

விலை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் இன்னும் பத்தாயிரம் கூட்டினாள். அவன் தலையை ஆட்டினான். “நம்பர் கூடினதும் ஆசையும் கூடிப்போச்சு, இல்லியா அண்ணே?” என்று தாளை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். ஆசைக்காரன் என்ற பேரை அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

நான் பொரிந்து தள்ளினேன். “உண்மையைச் சொல்லணும், இல்லே விக்கணும். ரெண்டும் இல்லாம இது என்ன கூத்து? இனி பேட்டரி போனா எங்கே போவேள் ரெண்டு பேரும்?”

“சொன்னா வாங்க மாட்டா. சொல்லாம வித்தா, டூட்டி முடிஞ்சு வர்ற பிள்ள எங்கயாவது வழியில நிப்பா. நிக்கதா இருந்தா நான் நிக்கேன், மாமி.”

ஆவுடைத்தாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பின்னால் போய்க் கைகொடுத்தாள். இருவருமாக அதை மாமரத்தடிக்குத் தள்ளினார்கள். அவன் பிளக்கைச் சொருகி, பழையபடி எண்பதில் நிறுத்த வைத்தான். பிறகு என் பக்கம் வந்து நின்றான்.

“மாமி, அந்தப் போன்ல பாத்துச் சொல்லுங்க. கெடுத்துட்டத நல்லாக்க எதாவது வழி போட்டிருக்கா?”

தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தேடினேன்.