தொட்டிலில் விதைத்த கீரை

டிரைவருடைய இடுப்பு அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். கடைசி மூன்று வருஷமும் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணையைச் செருகிக்கொண்டுதான் ஓட்டினார். வேலையை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியும், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவருடைய அக்கா ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிரைவரின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஆளுக்கொரு வாடகை எதற்கு என்று இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்தார்கள். இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. நான்கு வருஷம் சண்டையும் சமாதானமுமாக நன்றாகவே போனது. பிறகு ஒருநாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து, கையில் ஒரு அலுமினிய வாக்கரைக் கொடுத்து, "நடக்கணும், நடந்தாத்தான் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா நடக்கவில்லை. கட்டிலில் இருந்து கழிவறைக்கு, கழிவறையில் இருந்து கட்டிலுக்கு. அதுவும் டிரைவர் ஒரு கையைப் பிடித்தால்தான். நடைப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண் நாலு நாள் வந்து பார்த்தாள். ஐந்தாம் நாள், "அம்மா ஒத்துழைச்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்கா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்படி எட்டு மாசம். சமையல், துணி, மருந்து, மாடிப்படி எல்லாம் டிரைவர் தலையில். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே கண் சொருகும். உடனே உள்ளேயிருந்து கூப்பிடுவாள். போவார். திரும்பி வந்தால் வந்த தூக்கம் போயிருக்கும். அசதி என்பது அவருக்கு வந்து போகிற விஷயமாக இல்லாமல், வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியேறிவிட்டது.

புதினாவில்தான் ஆரம்பித்தது. இலையைக் கிள்ளியதும் காம்பைக் குப்பையில் போட எழுந்திருக்க அலுப்பாக இருந்து, அக்காவின் கட்டில் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தார். பத்து நாள் அதை மறந்தே போனார்.

"அதுல வேர் விட்டிருக்கு பாரு" என்றாள் அக்கா.

அந்த வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த, குறை சொல்லாத முதல் பேச்சு அதுதான். டிரைவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளை நூல் மாதிரி வேர். பால்கனியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா கிடந்தது. அதன் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, தெருமுனையில் இருந்து இரண்டு கை மண் கொண்டுவந்து, குனிந்து நட்டார். நட்டது நட்டாயிற்று. நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி அப்படியே நின்றார்.

"என்னடா அங்க, எதையாவது தொலைச்சிட்டியா?"

"இடுப்பைத் தொலைச்சிட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தார். சிரிப்பு என்று பிறகுதான் புரிந்தது.

குனியாமல் செடி வளர்க்க வேண்டுமென்றால் செடிதான் மேலே வரவேண்டும். அந்தச் சமயத்தில் மேல்வீட்டு மருமகள், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று மரத் தொட்டிலைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்தாள். நாலு கால், சுற்றிலும் கம்பி, படுக்கைப் பலகை சரியாக டிரைவரின் இடுப்பு உயரத்தில்.

"இதை எடுத்துக்கட்டுமாம்மா?"

அவள் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தாராளமா எடுத்துக்குங்க அங்கிள். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"கீரையைத் தூங்கப் போடணும்."

அவளும் அவள் புருஷனுமாக அதைப் பால்கனியில் இறக்கிக் கொடுத்தார்கள். பலகையில் இடைவெளி இருந்ததால், டூட்டிக்குப் போட்டுப்போன பழைய மழைக்கோட்டை விரித்து, கத்தரி முனையால் அங்கங்கே குத்தினார். மொத்தமும் மண்ணால் நிரப்பினால் கால் தாங்காது. அதனால் அடியில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களை மூடியோடு அடுக்கினார். அதற்கு மேல் காய்ந்த சருகு, அலசிக் காயவைத்த டீத்தூள் சக்கை. அதற்கும் மேல்தான் மண், ஒரு சாண் ஆழத்துக்கு.

அந்த ஒரு சாண் மண்ணுக்குத்தான் பதினோரு நாள் ஆனது. பக்கத்துத் தெருவில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். காவலாளி, "எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்குங்க" என்றான். அள்ளலாம், தூக்க வேண்டுமே. காய்கறிப் பையில் பாதி, காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. முதல் மாடித் திருப்பத்தில் பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பார். ஐந்தாம் நாள் அங்கே நின்றபோது, இதெல்லாம் யாருக்காக என்று ஒரு கேள்வி வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

விதைக்குக் கடைக்குப் போகவில்லை. சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி வெந்தயம், லேசாக நசுக்கிப் பிளந்த கொத்தமல்லி விதை. ஒரு பழைய கரண்டிதான் மண்வெட்டி. மூடியில் ஓட்டை போட்ட பாட்டில்தான் பூவாளி. நாலாம் நாள் வெந்தயம் தலை தூக்கியது. அக்காவின் தலையணையை உயர்த்தி வைத்து, கதவை முழுக்கத் திறந்து காட்டினார். அன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரமே கீரை சாய ஆரம்பித்தது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, கும்பல் கும்பலாகப் படுத்தது. டிரைவர் கரண்டியால் கிளறிப் பார்த்தார். மண் சொதசொதவென்று இருந்தது. காலையில் ஒரு பாட்டில்தான் ஊற்றுகிறார். மழையும் இல்லை. மூன்று நாளில் பாதித் தொட்டில் போய்விட்டது. பதினோரு நாள் சுமந்தது கண்ணில் வந்து நின்றது.

அன்று மத்தியானம் மருந்து வாங்கக் கிளம்பியவர், சீட்டை மறந்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பினார். சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். கட்டில் காலி.

அக்கா பால்கனியில் நின்றாள். ஒரு கை வாக்கரில். வாக்கரின் குறுக்குக் கம்பியில் ஒரு துணிப்பை தொங்கியது, அதில் இன்னொரு தண்ணீர் பாட்டில். மறு கையால் அவள் சாய்ந்துபோன நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

டிரைவர் கூப்பிடவில்லை. வயசானவர்கள் குறுக்கே போகும்போது ஹாரன் அடிக்கக் கூடாது என்பது பஸ்ஸில் கற்றுக்கொண்டது. சத்தத்தில் திடுக்கிட்டுத் தடுமாறிவிடுவார்கள். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். சந்தோஷப்பட வேண்டியவருக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். எட்டு மாசமாகத் தாங்கிப் பிடித்த கை இது. இவளால் தனியாக நடக்க முடிகிறது. கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து உள்ளே போனார்.

"கீரை ஏன் அழுகுதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"ஏனாம்?"

"காலையில நான் ஊத்துறேன். மத்தியானம் வேற யாரோ ஊத்துறாங்க."

அக்கா போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். "மேல்மண்ணு காய்ஞ்சு தெரிஞ்சுது. நீ மறந்துட்டியோன்னு நினைச்சேன்."

"நடக்க முடியுதுல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பிடிச்சுக்க வருவே."

"வந்தா என்ன?"

"பிடிச்சுக்கிட்டு பெருமூச்சு விடுவே. எட்டு மாசமா அதைக் கேட்டுக் கேட்டு, எழுந்திருக்கிற ஆசையே விட்டுப்போச்சுடா. இந்தப் பயிர் ஒண்ணுதான் நான் பக்கத்துல போனா மூச்சு விடாம நின்னுது."

டிரைவருக்கு உறைத்தது. தான் பெருமூச்சு விடுவது அவருக்கே தெரியாது. இப்போதும் ஒன்று வந்தது. பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு முடியலைக்கா" என்றார். இத்தனை மாசத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"தெரியும்" என்றாள் அவள். "எனக்கும் முடியலை."

அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் படி இறங்கினார்.

அழுகியதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு இரண்டாம் தடவை விதைத்தார்கள். இந்த முறை விதையோடு மணலைக் கலந்து, நெருக்கமில்லாமல் தூவியது அக்கா. உட்கார ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். விரலை முதல் கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்ப்பது, காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்று முடிவானது. ஊற்றினவர் தொட்டில் கம்பியில் ஒரு துணி கிளிப்பை மாட்ட வேண்டும். முதல் வாரம் மாட்டினாயா, மாட்டவில்லையா என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

பிறகு அந்த வேலை முழுக்க அக்காவிடமே போய்விட்டது. கட்டிலிலிருந்து பால்கனிக்கு ஒன்பது காலடி. ஒரு நாளைக்கு மூன்று நடை. அதற்கு மேல் அவள் போகவில்லை. படி இறங்குவாள் என்று டிரைவர் கொஞ்சநாள் எதிர்பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம் அக்கா கத்தரிக்கோலால் வேரை விட்டுவிட்டு மேலாக வெட்டினாள். மறுபடி துளிர்க்கட்டும் என்று. ஒரு தட்டு நிறைய இருந்தது. வதக்கினதும் சுருங்கி ஆளுக்கு இரண்டு கரண்டி ஆனது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சாப்பிட்டார்கள். கொஞ்சம் கசந்தது. உப்பும் கம்மி. பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு டிரைவர் பாயை விரித்துப் படுத்தார். நாற்காலியில் இல்லாமல் மத்தியானத்தில் கால் நீட்டிப் படுப்பது பழக்கம் விட்டுப்போயிருந்தது. இடுப்பு வழக்கம்போல வலித்தது. வலித்தபடியே தூங்கிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அம்மா தன் பால்கனியிலிருந்து கழுத்தை நீட்டி மேலே பார்த்தாள். காயப்போட்ட துணியில் மண்தண்ணீர் சொட்டுகிறதாம்.

"டிரைவர் இல்லையா?"

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பால்கனிக் கம்பி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"இருக்கான். தூங்குறான்" என்றாள். "இப்ப எழுப்ப முடியாதும்மா. அடியில ஒரு தட்டு வைக்கணும், அவ்வளவுதானே. எந்திரிச்சதும் வைக்கச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க துணியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."